செம்புக் கட்டி: வாங்குவது ஒரு விலை, விற்பது ஒரு விலை

"ஈரக் காலோட உள்ள வராதீங்க தம்பி. அங்கேயே சாக்குல நல்லாத் துடைச்சுட்டு வாங்க."

வெளியே தூறல். நாச்சியார்கோவிலில் ஒரு பட்டறை. கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில், குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். உலையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பத்தர் இதைச் சொன்னார். உலைக்குள் கரி வெள்ளையாகக் கனன்றுகொண்டிருந்தது. நடுவில் மூசை. அதற்குள் பன்னிரண்டு கிலோ செம்புக் கம்பி, பிளாஸ்டிக் உறை உரித்து, சுருட்டித் திணித்தது. இந்தப் பட்டறையில் எப்போதும் உருகுவது விளக்குக்கான பித்தளைதான். அன்று தனிச் செம்பு. சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் ஒருவர் கம்பியைத் தானே வாங்கி அனுப்பி, ஒரு கிலோ கட்டியாகப் பத்து ஊற்றித் தரச் சொல்லியிருக்கிறார். "சேர்த்து வைக்கிறதுக்காம்" என்றார் பத்தர்.

செம்பு உருகுவதற்கு 1,085 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் மூசையின் வாயில் பச்சையாக ஒரு சுடர் ஆடுகிறது. பத்தர் அதன் மேல் கரித்தூளைத் தூவினார். உருகிய செம்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். ஆறி இறுகும்போது அது கட்டிக்குள் துளை துளையாகத் தங்கிவிடும். கரித்தூள் அதைத் தடுக்கும் மூடி. இரும்பு அச்சுகள் உலை ஓரத்திலேயே சூடேறிக் கிடந்தன. குளிர்ந்த அச்சில் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படிந்திருக்கும். ஒரு சொட்டு நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். உருகிய செம்புக்கு அடியில் அது நடந்தால் மூசையில் இருப்பதெல்லாம் ஊற்றுகிறவர் முகத்துக்கு வரும். என்னை வாசலில் நிறுத்தியது அதற்காகத்தான்.

குறட்டால் மூசையைத் தூக்கி, ஒரே இழுப்பில் ஊற்றினார். முதல் கட்டி ஆறியதும் நடுவில் குழி விழுந்திருந்தது. செம்பு இறுகும்போது சுருங்கும். மேலே மெதுவாகச் சொட்டுவிட்டுக்கொண்டே வந்தால்தான் மட்டமாக நிற்கும். "செம்பு பிடிக்க நமக்குக் கை பழகல. பித்தளை சொன்ன பேச்சு கேட்கும்" என்று அந்தக் கட்டியை ஓரமாக எறிந்துவிட்டு அடுத்த அச்சுக்குப் போனார்.

இது ஒருவருடைய தனி ஆசை என்று நினைத்தால் தவறு. தங்கம் கிராம் பத்தாயிரத்தைத் தாண்டியபோது கண்கள் வெள்ளிக்குத் திரும்பின. வெள்ளியும் ஏறியது. இப்போது கண்கள் செம்பில். அமெரிக்காவில் இது ஏற்கெனவே ஒரு தொழில். ஒரு அவுன்ஸ் வட்டில் தொடங்கி, ஒரு பவுண்டு, ஒரு கிலோ, பத்துப் பவுண்டு என்று செம்பைத் தங்கக் கட்டி மாதிரியே அச்சிட்டு, '999' முத்திரை குத்தி விற்கிறார்கள். பழைய தண்ணீர்க் குழாயை வீட்டுக் கொல்லையில் உருக்கி விற்கும் பொழுதுபோக்குக்காரர்களும் ஏராளம். அந்தக் காணொளிகளைப் பார்த்துத்தான் நம் ஊரிலும் கை துறுதுறுக்கிறது.

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மின்சாரக் கார் ஒன்றுக்கு 80 கிலோ அளவுக்குச் செம்பு வேண்டும். பெட்ரோல் காருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். காற்றாலை, சூரிய மின்பலகை, தரவு மையம் எல்லாமே செம்பைத் தின்பவை. புதுச் சுரங்கம் தோண்டி உலோகம் எடுக்கப் பத்து, பதினைந்து ஆண்டு ஆகிறது. இருக்கும் சுரங்கத்திலும் ஒரு விபத்து நடந்தால் உலகமே ஆடுகிறது. 2025 செப்டம்பரில் இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் சேறு பாய்ந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். உற்பத்தி நின்றது, விலை எகிறியது. லண்டன் உலோகச் சந்தையில் 2024 மே மாதம் டன் 11,000 டாலரைத் தாண்டிய செம்பு, 2025-இல் அந்த உச்சத்தையும் கடந்தது.

நம் நாட்டுக் கதை தனி. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு உருக்கும் திறன் கொண்டிருந்தது. தண்ணீரை மாசாக்குகிறது என்று ஆலையை எதிர்த்த மக்கள் மீது 2018 மே மாதம் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர்கள் போயின. ஆலை மூடப்பட்டது. அதுவரை சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, நிகர இறக்குமதி நாடாக மாறியது. செம்பு விலையைப் பற்றிப் பேசும் எவரும் அந்த மரணங்களையும், அந்த ஊர் மக்கள் குடித்த தண்ணீரையும் விட்டுவிட்டுப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஆக, செம்பு தேவைப்படும் உலோகம். அதன் விலை ஏறலாம். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் செம்பின் விலை ஏறுவதால், கையில் செம்புக் கட்டி வைத்திருப்பவருக்கு லாபம் வந்துவிடுமா? இந்த இரண்டும் ஒன்று என்று எண்ணித்தான் பலர் பணத்தை இறக்குகிறார்கள். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று செம்பு கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டியாக ஊற்றி, அராவி, முத்திரை குத்தக் கூலி 200. இரண்டுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 18 சதவீதம், 216 ரூபாய். ஆக, உங்கள் கைக்கு வரும்போது அந்தக் கட்டி 1,416 ரூபாய். தங்கத்துக்கு வரி 3 சதவீதம்தான் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

இனி விற்கும் பக்கம். தங்கக் காசைத் தெரு முனையில் இருக்கும் எந்த நகைக்கடையும் எடுத்துக்கொள்ளும். செம்புக் கட்டியை யார் எடுப்பார்கள்? ஊற்றிக் கொடுத்த பத்தரிடமே கேட்டேன். "இதையே நாளைக்குத் திருப்பிக் கொண்டாந்தா என்ன விலைக்கு எடுத்துப்பீங்க?"

கட்டியைக் கையில் புரட்டிப் பார்த்தார். "பழைய செம்பு விலைதான் தம்பி. முத்திரைக்கு யாரு காசு கொடுப்பா? உள்ள என்ன கலந்திருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஊத்தினதுன்னா சரி. வேற எவனோ ஊத்தினதுன்னா வெட்டித்தான் பாக்கணும்."

பழைய செம்பு வாங்குபவர் கிலோவுக்கு 900 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,416-க்கு வாங்கியதை 900-க்கு விற்கிறீர்கள். போட்ட பணமாவது திரும்ப வேண்டும் என்றால் சந்தை விலை 1,000-லிருந்து ஏறத்தாழ 1,575-க்குப் போக வேண்டும். அதாவது 57 சதவீதம் ஏறிய பிறகு நீங்கள் நிற்பது தொடங்கிய இடத்தில்! வட்டி இல்லை, லாபம் இல்லை. என் கணக்கில் கூலியைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். இந்த இடைவெளி மட்டும் மூடாது.

சின்னத் துண்டுகளில் இது இன்னும் மோசம். ஒரு அவுன்ஸ் செம்பு வட்டில் இருக்கும் உலோகத்தின் மதிப்பு, இதே கணக்கில், 28 ரூபாய்தான். விற்பது பல மடங்குக்கு. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தங்கம், வெள்ளியை அளக்கும் டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். செம்பு வட்டுகள் பெரும்பாலும் மளிகைக்கடை அவுன்ஸில், அதாவது 28.35 கிராமில், வருகின்றன. பெயர் ஒன்று, எடை வேறு. வெள்ளி வட்டுக்குப் பழகிய கை இதைக் கவனிக்காது.

வைக்கும் இடத்தையும் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய்க்குத் தங்கம் பத்து கிராம்கூட வராது, சுண்டுவிரல் நுனியில் அடங்கிவிடும். அதே பணத்துக்குச் செம்பு, கூலியும் வரியும் இல்லாமல் பார்த்தாலே, நூறு கிலோ. ஒரு குளியல் வாளி நிரம்பும். ஆனால் அந்த வாளியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பத்து லட்சத்துக்கு ஒரு டன். எந்த வங்கி லாக்கர் இதைத் தாங்கும்? மாடி வீட்டில் ஒரே மூலையில் அடுக்குவதற்கு முன் பொறியாளரைத்தான் கேட்க வேண்டும்.

தரத்துக்குப் பொறுப்பேற்கவும் ஆள் இல்லை. நம் நாட்டு ஹால்மார்க் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் மட்டுமே. செம்புக் கட்டியில் குத்தியிருக்கும் '999' என்பது குத்தியவரின் வாய்ச்சொல். சந்தைக்கு வரும் செம்பு, மின்பகுப்பில் எடுத்த 99.99 சதவீதத் தகடு. அதைக் கொல்லையில் உருக்கினால் தரம் இறங்குமே தவிர ஏறாது. பழைய குழாயின் பற்றில் இருக்கும் ஈயம் ஒரு துளி கலந்தாலும் அது மின்கம்பிச் செம்பு ஆகாது. உருக்குவதால் உலோகத்தின் மதிப்பு குறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் இல்லை.

என் அப்பாயி வீட்டில் ஒரு செப்புத் தவலை இருந்தது. அந்தக் காலத்தில் பாத்திரத்துக்கு அடகுக்கடை உண்டு. விதைப்புக்கு முன் தவலை உள்ளே போகும், அறுப்பு முடிந்ததும் வெளியே வரும். ஏழை வீட்டின் தங்கம் அதுதான். இடைப்பட்ட நாளில் அதில் தண்ணீர் காயும், நெல் அவியும். கடைசியில் ஒருநாள் அதை விற்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். வியாபாரி கழுத்துப் பற்றுக்கு ஒரு கழிவு, களிம்புக்கு ஒரு கழிவு, ஒட்டுப் போட்ட இடத்துக்கு ஒரு கழிவு என்று கழித்துக்கொண்டே போனார். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது வருடம் உழைத்த பாத்திரம் அது, கழிவைத் தாங்கும். வாங்கிய நாளிலிருந்து பீரோவுக்கு அடியில் கிடக்கும் கட்டி எதைக் கொண்டு தாங்கும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் வரிக்குறைப்பில் செம்புப் பாத்திரத்துக்கான ஜிஎஸ்டி 5 சதவீதமானது. கட்டிக்கு 18. ஒரே கிலோ செம்புதான். தவலையாக வாங்கினால் அரசுக்குப் போவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உலோகத்துக்கும் பாத்திரத்துக்கும் 'செம்பு' என்று ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்தப் பெயரில் ஒரு பொருளாதாரம் இருந்திருக்கிறது.

செம்பைக் கட்டியாக ஊற்றிக் கடல் கடத்தி லாபம் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கட்டிகள் வந்து இறங்கிய துறைமுகம் நமக்கு ரொம்பப் பக்கம்: நாகப்பட்டினம்.

1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகையைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1690-இல் அதைச் சோழமண்டலக் கரைக்குத் தலைமையிடமாக்கியது. ஜப்பானின் நாகசாகியில் தேஜிமா என்ற சின்னத் தீவில் இருந்து வணிகம் செய்ய ஐரோப்பியரில் டச்சுக்காரருக்கு மட்டுமே அனுமதி. அங்கிருந்து கம்பெனி ஏற்றிவந்த முக்கியச் சரக்கு செம்புக் கட்டி. ஒசாகாவில் சுமிதோமோ குடும்பத்தின் உருக்குச்சாலையில் ஊற்றியவை அவற்றில் பெரும்பங்கு. ஊற்றும் முறையைக் கேட்டால் நம் பத்தர் திடுக்கிடுவார். வெந்நீர்த் தொட்டிக்குள் மரச்சட்டம், அதன் மேல் கனத்த துணி. உருகிய செம்பைத் தண்ணீருக்குள்ளேயே ஊற்றினார்கள். பழகிய கையும் சரியான சூடும் இருந்ததால் அது வெடிக்கவில்லை. மேலே மெல்லிய ஆக்சைடுப் படலம் பிடித்து, கட்டி ரோஜாச் சிவப்பில் எழுந்தது. கையளவு நீளக் குச்சிகள். ஒரு மரப்பெட்டிக்கு அறுபது கிலோ. அந்தச் சிவப்பைப் பார்த்தே இந்திய வியாபாரி 'இது ஜப்பான் செம்பு' என்று நம்பி வாங்கினான்.

அந்தக் கட்டி இங்கே ஏன் விலை போனது? கரையிறங்கிய இடத்திலேயே அதற்கு வயிறு காத்திருந்தது. நாகையிலும் பழவேற்காட்டிலும் கம்பெனியின் நாணயச்சாலைகள் செம்புக் காசு அடித்தன. உள்நாட்டு அரசர்களுக்கும் காசு அடிக்கச் செம்பு வேண்டும். பாத்திரம் செய்யும் கன்னாருக்கு வேண்டும். பெட்டி பெட்டியாக இறங்கி, வாரக்கணக்கில் உருகிக் காசாகவும் குடமாகவும் மாறியது. யாரும் அதைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்து விலை ஏறக் காத்திருக்கவில்லை. கட்டி என்பது பயணத்துக்கான வடிவம், அவ்வளவே. இன்றைக்கும் லண்டன் சந்தையில் ஒரு ஒப்பந்தம் 25 டன் செம்பு. நம் நாட்டு எம்சிஎக்ஸ் பண்டச் சந்தையில் 2,500 கிலோ. கேபிள் ஆலைக்காரர்களும் சுரங்கக்காரர்களும் விலையைக் கட்டிவைத்துக்கொள்ள உண்டான அளவு அது. ஒரு கிலோவோடு வரும் நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே வாசலே இல்லை.

சுமிதோமோ என்ற பெயர் முன்னூறு வருடம் கழித்து இன்னொரு முறை செம்போடு சேர்ந்து ஒலித்தது. 1996 ஜூன். டோக்கியோவில் சுமிதோமோ நிறுவனத்தின் தலைமைச் செம்பு வணிகர் யாசுவோ ஹமனாகா. உலகச் செம்பு வணிகத்தில் ஐந்து சதவீதம் அவர் கையில் என்பதால் 'மிஸ்டர் ஐந்து சதவீதம்' என்றே அழைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்த நஷ்டம் வெளியே வந்தது. கடைசிக் கணக்கு 260 கோடி டாலர். விலை நொறுங்கியது. அவருக்கு எட்டு ஆண்டு சிறை. தலைமுறை தலைமுறையாகச் செம்பையே சுவாசித்த ஒரு வீட்டின் பெயருக்கே இந்தச் சந்தை இதைச் செய்தது.

விலை எப்படி விழும் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 2008 ஜூலையில் டன் 8,900 டாலர் பக்கம் நின்ற செம்பு, அதே டிசம்பரில் 3,000-க்குக் கீழே. 2011 பிப்ரவரியில் 10,000-ஐத் தாண்டியது. ஐந்தே வருடத்தில், 2016 ஜனவரியில், 4,500-க்கும் கீழ். 2011 உச்சத்தை மறுபடி பார்க்க 2021 ஆனது. ரூபாய் மதிப்பு இறங்கியதால் நமக்கு அடி கொஞ்சம் குறைவு என்பது உண்மை. ஆனாலும் அது பத்து வருடக் காத்திருப்பு. 2025 ஜூலையில் அமெரிக்க அதிபர் செம்புக்கு 50 சதவீத வரி என்றார், நியூயார்க்கில் விலை பறந்தது. சுத்திகரித்த செம்புக்கு அந்த வரி கிடையாது என்று மாதக் கடைசியில் அறிவிப்பு வந்தது. ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் சரிவு. பஞ்சம், போர் என்றால் தங்கத்தைத் தேடி ஓடுவார்கள். செம்பு அதற்கு நேர் எதிர். ஆலை நின்றால் அதை வாங்க ஆள் இல்லை. வேலை போகும் காலத்தில்தானே சேமிப்பை உடைப்போம்? செம்பு விலை விழுவதும் அதே காலத்தில்தான்.

விலை இருக்கட்டும், சரக்கை நம்புவதும் எளிதல்ல. பெரிய கிடங்குகளுக்குள்ளேயே ஏமாற்று நுழைந்துவிடுகிறது. 2023 மார்ச்சில் லண்டன் சந்தையின் ராட்டர்டாம் கிடங்கில் 54 டன் நிக்கல் இருக்க வேண்டிய மூட்டைகளைப் பிரித்தால் உள்ளே கல். உலகத்திலேயே கண்டிப்பான உலோகச் சந்தையின் கிடங்கு அது.

சரி, விலைக்கு வாங்கினால்தானே நஷ்டம், நாமே உருக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: வேண்டாம். பத்தர் என்னை வாசலில் நிறுத்தியதை நினைத்துப் பாருங்கள். அவர் நாற்பது வருடம் உலையோடு வாழ்ந்தவர். பித்தளைக் குழாயைச் செம்பு என்று நினைத்து உருக்கினால் இன்னொரு ஆபத்து. பித்தளையில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். செம்பு உருகும் சூட்டுக்கு ஏற்றும்போது வெள்ளைப் புகை கிளம்பி, பஞ்சு மாதிரி தூள் பறக்கும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல். உறையோடு ஒயரை எரிப்பது அதைவிடக் கொடுமை. அந்தக் கறுப்புப் புகையில் டையாக்சின் இருக்கிறது, தெருவே அதைச் சுவாசிக்கும். எரித்த கம்பிக்கு விலையும் குறைவு. உரித்த பளபளப்புக் கம்பிக்குத்தான் கடையில் முதல் விலை.

சிலர் பழைய நாணயங்களை உருக்கலாமே என்கிறார்கள். 2011 நாணயச் சட்டப்படி நாணயத்தை உருக்குவது குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. அமெரிக்காவிலும் இதே கதை. 1982 வரை அவர்களுடைய ஒரு சென்ட் காசில் 95 சதவீதம் செம்பு. உலோகத்தின் மதிப்பு காசின் மதிப்பைத் தாண்டியதும் மக்கள் பொறுக்கிச் சேர்க்கத் தொடங்கினார்கள். 2006 டிசம்பரில் உருக்கத் தடை வந்தது. ரசீது இல்லாமல் மலிவாக வரும் கம்பி எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஏதோ ஒரு கிராமத்தின் பம்புசெட் கேபிளாகவோ டிரான்ஸ்பார்மர் சுருளாகவோ இருந்திருக்கும்.

செம்பின் எதிர்காலத்தை உண்மையாகவே நம்புகிறவர், செம்பைத் தோண்டும் அல்லது கம்பியாக இழுக்கும் நிறுவனத்தின் பங்கைப் படித்துப் பார்த்து வாங்கலாம். அதிலும் ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் ஊற்றுக்கூலி கிடையாது, களிம்பு ஏறாது, விற்கும் நாளில் வெட்டிப் பார்க்க மாட்டார்கள். அழகுக்காக ஒரு கட்டி மேசையில் இருக்கட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். அதைப் பிள்ளையின் கல்லூரிப் பணம் என்று எழுதி வைக்காதீர்கள்.

மதியம் இரண்டு மணிக்கு ஒன்பது கட்டிகள் தேறின. பத்தாவதற்குச் செம்பு போதவில்லை. பன்னிரண்டு கிலோ போட்டதில் கசடாகவும் சிதறலாகவும் போனது போக மீதி அவ்வளவுதான். குழி விழுந்த முதல் கட்டி இன்னும் ஓரத்தில் கிடந்தது. அதை மறுபடி உருக்கி ஊற்றலாமே என்றேன். "ஒரு கிலோவுக்காக மறுபடி உலை போட்டா கரிக் காசு யாரு கொடுப்பா?" என்றார். சென்னைக்காரரிடம் போனில் பேசி, பழைய செம்பு விலைக்கு அதைத் தானே எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் விளக்குக்கான மூசை ஏறியது. பழைய பித்தளை, அளந்து வைத்த துத்தநாகம், அதன் மேல் அந்தக் குழிக் கட்டி. காவிரி வண்டலில் பிடித்த அச்சுகள் வரிசையாகக் காத்திருந்தன. ஆறடி விளக்கின் தண்டு, ஒரு கல்யாண மண்டபத்துக்கு.